அக்கினி மூலையில் வைத்த பேட்டரி

இல்லை, தெரியாமல் வைக்கவில்லை. தெரிந்தேதான் வைத்தேன். "தெரியாம வச்சீங்களா, தெரிஞ்சே வச்சீங்களாப்பா?" என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டு ஐந்து நாளாகிவிட்டது. நான் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும், இரண்டு நீல டிக்கும் விழுந்திருக்கும். வாய்ஸ் மெசேஜ் போட நாலு தடவை ஆரம்பித்தேன். நாலு தடவையும் பத்து விநாடிக்குள் என் குரல் ஏறிவிட்டது, அழித்துவிட்டேன். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எழுதும்போது கத்த முடியாது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நான் எழுதுவதையே பார்க்கிறாள். "கல்யாணத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு, மாப்பிள்ளையாகப்போற நம்ம பையன் புக்கிட் பாஞ்சாங்ல கூட்டாளி வீட்டு சோபாவுல படுத்திருக்கான். நீங்க பாட்டுக்கு கதை எழுதிட்டிருங்க" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். இந்த வாரம் முழுக்க அவள் சொன்னது எல்லாமே சரிதான், அதுவும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்தது பாதி. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கவிதாவின் அப்பா சிராங்கூன் வீட்டுக் கூரைக்கு சோலார் போட வேண்டும், பேட்டரியும் வேண்டும் என்று சொன்ன அன்றே, வேறு யாரையும் கூப்பிடாதீர்கள், நானே செய்து தருகிறேன் என்றேன். பெண் எடுக்கும் வீட்டுக்கு நான் செய்கிற மரியாதை அது என்று நினைத்தேன். பகலில் வீட்டில் ஆள் இல்லை, வெயில் எல்லாம் வீணாகிறது, சாயந்திரம் எல்லோரும் வந்து ஏர்கான் போடும்போது பேட்டரியில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். நானும் என் வேலையாள் முருகேசுவும் இரண்டு நாள் அந்த ஓட்டுக் கூரையில் கிடந்தோம். ஒவ்வொரு ஓட்டையும் தூக்கி, கீழே கொக்கி மாட்டி, அதன் மேல் அலுமினியச் சட்டம் போட்டு, பதினான்கு பேனலை ஏற்றினோம். ஒரு ஓடுகூட உடையவில்லை. ஐம்பது வயதில் என் முட்டி என்ன பாடுபடுகிறது என்று உனக்குத் தெரியும், ஏணியில் இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கூரையில் நான் செய்த வேலை என் வாழ்க்கையிலேயே சுத்தமான வேலை. அதில் நீ குறை கண்டுபிடிக்க முடியாது. நீயும் கண்டுபிடிக்கவில்லை.

பேட்டரிக்கு நான் முதலில் குறித்த இடம் கார் போர்ச். நிழலான சுவர், மூன்று பக்கமும் காற்று, ஏதாவது ஆனால் வீட்டுக்கு வெளியே ஆகும். இன்வெர்ட்டரை அங்கேதான் மாட்டினேன். பக்கத்தில் பேட்டரிக்குச் சுவரில் பென்சில் கோடுகூடப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சாஸர் வைத்த கோப்பையில் காப்பி வந்தது. மேசையில் வீட்டு வரைபடம், அதன் மேல் சிவப்புப் பேனாவில் கட்டம் கட்டமாகக் கோடு. சென்னையில் இருக்கும் வாஸ்துக்காரர் ஒருவர் வீடியோ காலில் பார்த்துச் சொன்னாராம். அந்தக் கார் போர்ச் ஈசான மூலையாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பேட்டரின்னா அதுவும் நெருப்புதானே? ஈசானத்துல நெருப்பு இருக்கக்கூடாதாம். பின்னால அக்கினி மூலைக்கு மாத்திடலாமா? கல்யாணம் நடக்கப்போற வீடு பாருங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நீங்க எலெக்ட்ரிக்கல் படிச்சவங்க. நீங்க சரின்னா எனக்கும் சரி."

"தாராளமா மாத்திடலாம் சார்" என்றேன்.

அக்கினி மூலை என்றால் அந்த வீட்டில் எது என்று நீ பார்த்தாய். பின்கட்டு அடுப்பங்கரை. மேலே பிளாஸ்டிக் தகடு போட்ட கூரை, காலை ஒன்பது மணிக்கே உள்ளே கொதிக்கும். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் இரண்டு கேஸ் சிலிண்டர், நடுவில் வீட்டுக்குப் பின்வாசல். பேட்டரியோடு வரும் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறான்: அடுப்பு பக்கம் வேண்டாம், கேஸ் பக்கம் வேண்டாம், வெளியே ஓடும் வழியில் வேண்டாம், சூடு ஏறும் இடம் வேண்டாம். நாலையும் ஒரே சுவரில் மீறினேன். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். முருகேசுகூட ஸ்குரூ முடுக்கிக்கொண்டே, "அண்ணே, இது பெட்ரோல் கடையில பீடி பத்த வைக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். அதோடு நிற்கவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் உன் கையெழுத்து இல்லாமல் ஆன் செய்யக்கூடாது என்று தெரியும். அவர் போனில் பேட்டரி நிரம்புவதைப் பார்க்க ஆசைப்பட்டார், சும்மா டெஸ்டிங் என்று சொல்லி ஆன் செய்தேன். செய்தவன் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஏன் சரி என்றேன்? இதுதான் உனக்குத் தெரியாத பாதி. பெண் பார்க்கப் போன அன்று நீயும் கவிதாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே அவர் என்னிடம், நீங்கள் என்ன படித்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "எலெக்ட்ரிக்கல்" என்றேன். ஒரே சொல். அது பொய்கூட இல்லை. டெக்னிக்கல் கோர்ஸில் ஏழு மாதம் எலெக்ட்ரிக்கல்தான் படித்தேன். வயரிங் பலகையை மறுபடி செய் என்று சொன்ன வாத்தியாரிடம், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. பதினேழு வயது. அதற்குப் பிறகு கப்பல் பட்டறை, ஏர்கான், கேமரா மாட்டும் வேலை, கடைசியில் சோலார். எதிலும் ஒரு சான்றிதழ் கிடையாது. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன், மீதியை அவர் தானாக நிரப்பிக்கொண்டார். அப்புறம் வந்தவர்களிடம் எல்லாம் "சம்பந்தி எலெக்ட்ரிக்கல் இஞ்சினியரிங் லைன்" என்று அறிமுகம் செய்தார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் லட்டைப் பார்த்தேன்.

அவர் என்னை சம்பந்தி என்கிறார், நான் இன்னும் அவரை சார் என்கிறேன். நீ ஒரு தடவை காரில் கேட்டாய், ஏன்ப்பா சார் போடுறீங்க என்று. பழக்கம் என்றேன். பழக்கம்தான். படித்தவன், நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறவன், மெதுவாகப் பேசுகிறவன் எதைக் கேட்டாலும் என் வாயில் இருந்து சரி என்றுதான் வருகிறது. உன்னிடம் கத்துவேன், முருகேசுவிடம் கத்துவேன், காப்பிக் கடையில் மீ சியாம் நூடுல்ஸில் புளிப்பு இல்லை என்று சண்டை போடுவேன். அந்த ஆள் முன்னால் மட்டும் நாற்காலி நுனியில் உட்காருகிறேன். இடம் தப்பு என்று சொல்லியிருந்தால், எப்படித் தப்பு, எந்த விதி, எந்தப் புத்தகம் என்று அவர் கேட்டிருப்பார் என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். நீங்கள் சரி என்றால் சரி என்ற மனிதர், வேண்டாம் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். என் பொய்யை அவர் நம்பினார், அந்த நம்பிக்கையில் அவர் வீட்டுப் பின்வாசலில் பேட்டரியை மாட்டினேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. நீ வந்தாய். மேலே ஏறிப் பார்த்தாய், இன்வெர்ட்டரைப் பார்த்தாய், ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தாய். பின்கட்டுக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாய். கவிதா உனக்குப் பின்னால், அவள் அப்பா எனக்குப் பக்கத்தில். நீ சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது. "இத நான் சைன் பண்ண மாட்டேன்பா. இடத்த மாத்துங்க, அப்புறம் பண்றேன்" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை, குழப்பம்தான். இஞ்சினியர் அப்பா சரி என்கிறார், மகன் இல்லை என்கிறான், யாரை நம்புவது என்கிற பார்வை. அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன்.

"ஃபவுண்டேஷன் மேத்ஸ் படிச்சவன்லாம் எனக்கு வேலை சொல்லித் தர்றான்."

உன் முகத்தைப் பார்த்தேன். கவிதா உன் முகத்தைப் பார்த்ததையும் பார்த்தேன். அவளுக்கு அது தெரியாது என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. நீ கையில் இருந்த ஃபைலை மூடி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாய். உன் அம்மாவும் கூட வந்திருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீட்டு லிஃப்டில் ஏறியதும், "ஊரு உலகத்துக்கெல்லாம் டிரிப் சுவிட்ச் மாட்டுறீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு மாட்டிக்க முடியலையா?" என்றாள்.

அந்தக் கணக்கு விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். இதுவரை உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நீ பிரைமரி நாலு முடித்த வருஷம், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். உன் அம்மாவுக்கு வேலை, நான் போனேன். ஏர்கான் வேலையில் இருந்து நேராகப் போனேன், சட்டையெல்லாம் தூசி. டீச்சர் நல்லவர்தான், சிரித்த முகம், வேகமான ஆங்கிலம். உன் மார்க் எல்லையில் இருக்கிறது, அடுத்த வருஷம் சாதாரணக் கணக்கிலேயே போடலாம், இல்லை என்றால் எளிதான ஃபவுண்டேஷன் கணக்கில் போடலாம், முடிவு பெற்றோருடையது என்று அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது ஃபவுண்டேஷன் என்ற சொல் மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஃபவுண்டேஷன் கட்டடத்துக்குப் போடுவது, பலமாக இருக்கும். நல்லது போல என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடச் சமாளிப்புதான். புரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அடுத்த பெற்றோர் இரண்டு பேர் ஆபீஸ் சட்டையில் வெளியே காத்திருந்தார்கள், அவர்கள் காதில் விழ மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. "எஸ், எஸ், தேங்க் யூ" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உனக்கு மூளை இல்லாமல் அங்கே போகவில்லை. நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டதால் போனாய். உன் கூட்டாளிகள் நேர் ரோட்டில் போனபோது நீ சுற்றி வந்தாய். டெக்னிக்கல் கோர்ஸ், அப்புறம் பாலிடெக்னிக், நடுவில் ராணுவ சேவை, அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே லைசென்ஸ் பரீட்சை. உன்னோடு படித்தவர்களைவிட எத்தனை வருஷம் பின்னால் போனாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் நீ ஒரு தடவைகூட முனகவில்லை. நீ ராத்திரி உட்கார்ந்து படித்ததைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று விட்டுவிடுவேன். கடைசியில் எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அதைத் தலைகீழாக்கி, உன் குற்றம் மாதிரி, உன் பெண்டாட்டி ஆகப்போகிறவள் முன்னால் சொன்னேன். மன்னிப்பு கேட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிற வயது எனக்குப் போய்விட்டது. ஆனாலும் கேட்கிறேன்.

புதன்கிழமை நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். பேட்டரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், என்ன செய்வது என்று முடிவு எதுவும் இல்லை. கவிதாவின் அம்மா பின்கட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். பேட்டரியின் மேல் மூடியில் கை வைத்தேன், சூடாக இருந்தது. அதன் காற்றுத் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் மாவுத் தூசி ஒட்டியிருந்தது. வைத்து ஒன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. அவர் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். நலங்கு அன்றைக்கு முப்பது பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கிறது, சமையல்காரர் பெரிய அடுப்பு இரண்டு கொண்டுவருகிறார், அதை இந்தப் பெட்டி பக்கத்தில் போட்டால் ஒன்றும் ஆகாதே என்று.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அந்த அம்மா எனக்கு ஒரு தட்டில் நாலு முறுக்கு வைத்து நீட்டினார். இப்போது வரும் பேட்டரி நல்ல ரகம், சும்மா இருந்தால் வெடிக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அது சும்மா இருக்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் அடுப்பு எரியும், நடுவில் ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் ஓட வேண்டிய வாசலில் அது தொங்கும். அந்த அம்மா நிற்பார். கவிதா மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பாள். நீ நிற்பாய். முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, செக் பண்ண வேண்டியிருக்கிறது என்று சொல்லி பேட்டரியை ஆஃப் செய்தேன். யாரும் தொடக்கூடாது என்று டேப் ஒட்டினேன். வெளியே வந்து வேனில் ஏறி, எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் திறந்ததும் பார்த்தது இதைத்தானே. உனக்கு ஒரு நொடி ஆனது. எனக்கு ஒன்றரை வாரம் ஆனது.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் நான் சொதப்பியதில் இருந்து கிடைத்தது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். யார் முன்னால் என்றாலும் சரி, எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் சரி. அந்த வெட்கம் அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். நான் அதை விழுங்கி விழுங்கி முப்பது வருஷமாக வயிற்றில் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு விஷயத்தைக் கவிதாவிடம் நீயே முழுசாகச் சொல்லிவிடு, என் கையெழுத்தையும் சேர்த்துச் சொல். அவள் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானாக நிரப்பிக்கொள்ள விடாதே, அது எப்படி முடியும் என்று என்னைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உன் மாமனாரை மாமா என்று கூப்பிடு, மரியாதை கொடு, அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் வீட்டில் ஒரு விளக்கு தப்பாக மாட்டியிருந்தால் அதையும் சொல். நாளைக்கு நானே ஒரு வேலையைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னாலும், தப்பாக இருந்தால் போடாதே. நான் கத்துவேன். கத்தட்டும் என்று விடு.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். பேட்டரி விஷயமாக நாளைக்கு, சனிக்கிழமை காலை, வரட்டுமா என்றேன். "எல்லாம் ஓகேதானே சம்பந்தி?" என்றார். வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இல்ல, ஓகே இல்ல. நேர்ல வந்து சொல்றேன்" என்றேன். அப்புறம், "வாங்க, நான் வீட்லதான் இருப்பேன்" என்றார். குரலில் இருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் இதெல்லாம் சொல்ல வேண்டுமா, பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வரக்கூடாதா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என் நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

பேட்டரி நூறு கிலோவுக்கு மேல். என்னாலும் முருகேசுவாலும் மட்டும் தூக்க முடியாது, அவன் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறான். கார் போர்ச்சுக்குக் கொண்டுபோக அவர் சம்மதித்தால் அங்கே மாட்டுவேன். ஈசான மூலைதான் வேண்டாம் என்றால் பேட்டரியே வேண்டாம், பேனல் மட்டும் போதும் என்று கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அடுப்பங்கரையில் மட்டும் இருக்காது. அது முடிவு. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை என் மகனிடம் கேளுங்கள், லைசென்ஸ் அவனிடம்தான் இருக்கிறது என்பேன். நான் ஏழு மாதம்தான் படித்தேன் என்பதையும் சொல்வேன். அதைக் கேட்டு அவர் முகம் மாறினால், அந்த முகத்தோடு நீ வாழ்க்கை முழுக்கப் பழக வேண்டும் என்பதுதான் எனக்குப் பயம். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. உன்னை வரச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்று கவிதா உனக்குச் சொல்வாள், நான் சொல்வதைவிட அவள் சொன்னால் நீ நம்புவாய்.

பேட்டரியை முதலில் சொல்வதா, என் படிப்பை முதலில் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. படிப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள், இல்லை என்றால் பேட்டரியைத் தூக்குகிற சாக்கில் நான் நழுவிவிடுவேனாம். முருகேசு நம் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே வந்து ஹாரன் அடிக்கிறான். நான் போகணும்.